புண்ணாக்கில் பூத்தது பாலில் வரும்

வடசென்னையில் வியாசர்பாடி, கொருக்குப்பேட்டைப் பக்கம் சந்துக்குள் கறவை மாடு வைத்திருப்பவர்களில் பலர் தீவன மூட்டையைச் சுவரோரம் தரையிலேயே சாய்த்து வைப்பார்கள். இருக்கிற இடம் அவ்வளவுதான். ஐப்பசி மழை பிடித்தால் தரையின் ஈரம் மூட்டைக்குள் ஏறிவிடும். மக்காச்சோளத்தில் ஈரம் 14 சதவீதத்தைத் தாண்டினாலே ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். கடலைப் புண்ணாக்குக்கு அதைவிடக் குறைந்த ஈரமே போதும்.

பூஞ்சையைவிட, அது சுரக்கும் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சுதான் ஆபத்து. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான வான்கோழிகள் மடிந்தன. காரணம் புரியாமல் ‘எக்ஸ் நோய்’ என்றார்கள். கடைசியில் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் போய் நின்றது விசாரணை. எண்ணெயை ஆட்டி எடுத்தாலும் விஷத்தில் பெரும்பகுதி சக்கையிலேயே தங்கிவிடுகிறது.

கோழியைப் போல மாடு சட்டென்று விழுந்துவிடாது, சிக்கலே அங்குதான். தீவனத்தோடு தின்ற பி1 வகை அஃப்ளடாக்சினில் ஒரு பகுதியை மாட்டின் கல்லீரல் எம்1 என்ற இன்னொரு வகையாக மாற்றிப் பாலுக்கு அனுப்புகிறது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கிலோவுக்கு 100 மைக்ரோகிராம் பி1 உள்ள தீவனத்தை மாடு நாளுக்கு 4 கிலோ தின்கிறது; ஆக 400 மைக்ரோகிராம். அதில் 2 சதவீதம் பாலுக்குப் போனால் 8 மைக்ரோகிராம். மாடு 8 லிட்டர் கறந்தால் லிட்டருக்கு 1 மைக்ரோகிராம். இந்தியாவில் பாலில் அனுமதிக்கப்பட்ட எம்1 அளவு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம்தான்! 2018இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடு முழுக்க எடுத்த பால் ஆய்வில், தமிழ்நாட்டின் 551 மாதிரிகளில் 88 இந்த வரம்பைத் தாண்டின. மாநிலங்களில் அதிக எண்ணிக்கை நம்முடையதுதான்.

காய்ச்சினால் போய்விடாதா? போகாது. பாலின் கொதிநிலை இந்த மூலக்கூறை அசைக்காது, கிருமி நீக்கச் சூடாக்கும் பாஸ்டர் முறையும் அப்படித்தான். பூத்த புண்ணாக்கைத் தட்டிவிட்டு வெயிலில் காயவைத்துப் போடுவதும் பயன்படாது. பூஞ்சை செத்தாலும் அது சுரந்த நஞ்சு அங்கேயே இருக்கும். பூசணமே கண்ணுக்குத் தெரியாத மூட்டையிலும் நஞ்சு இருக்கலாம்.

பரிசோதனையும் லேசில்லை. நஞ்சு மூட்டை முழுக்கச் சமமாகப் பரவியிருக்காது, அங்கங்கே திட்டுத்திட்டாக இருக்கும். மேலாக ஒரு பிடி அள்ளிக் கொடுத்தால் ‘நல்ல தீவனம்’ என்றே முடிவு வரலாம். பல இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, கலந்து அரைத்துச் சோதித்தால்தான் அதை நம்பலாம்.

சரி, என்ன செய்வது? மூட்டைக்கு அடியில் பலகை போட்டு, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைக்கலாம். மழைக்காலத்தில் ஒரு வாரத்துக்கு மேல் சேர்க்காமல் வாங்கலாம். பெண்டோனைட் போன்ற களிமண்ணைத் தீவனத்தில் கலப்பதும் உண்டு. அது மாட்டின் குடலிலேயே நஞ்சைப் பிடித்துச் சாணத்தோடு வெளியேற்றும். முழுதாக இல்லை, ஓரளவுதான். கெட்ட தீவனத்தை நிறுத்தினால் மூன்று நான்கு நாளில் பாலில் எம்1 பெருமளவு குறைந்துவிடும்.