லென்ஸ் என்கிற வில்லை

தோல் நீக்காத முழு மைசூர் பருப்பு ஒன்றை விரல் நுனியில் வைத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் நடுவில் உப்பி, ஓரம் மெலிந்திருக்கும். லத்தீனில் அந்தப் பருப்புக்குத்தான் 'லென்ஸ்' என்று பெயர். அதே வடிவில் கண்ணாடியைத் தேய்த்த ஐரோப்பியர்கள், பருப்பின் பெயரையே அதற்கும் வைத்துவிட்டார்கள். தாவரவியலில் இன்றும் அந்தச் செடி லென்ஸ் குலினாரிஸ்தான்.

தமிழில் வில்லை. நம் பள்ளிப் புத்தகங்கள் குவிலென்சு, குழிலென்சு என்கின்றன. கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கைப் பாடநூல்களில் குவிவு வில்லை, குழிவு வில்லை. ராமேசுவரம் கோயில் வாசலில் வாங்குவது கற்பூர வில்லை, சடையில் வைப்பது சடைவில்லை. சின்னதாக வட்டமாக இருந்தால் வில்லை. லத்தீன்காரர்களைப் போல நாமும் வடிவத்தைப் பார்த்தே பெயர் வைத்திருக்கிறோம். சிலர் 'ஆடி' என்று எழுதுகிறார்கள். ஆடி ஒளியைத் திருப்பி அனுப்புவது, லென்ஸ் உள்ளே விட்டு வளைப்பது. அதனால் ஆடி வேண்டாம்.

சரி, சினிமாவில் இந்த வில்லை என்ன செய்யும் என்று பார்க்க, ராமேசுவரம் தீவின் முனையில் இருக்கும் தனுஷ்கோடிக்கு வருவோம். போட் மெயில் ரயிலில் வந்து இறங்கி, இலங்கையின் தலைமன்னாருக்குக் கப்பல் ஏறும் ஒரு குடும்பத்தின் கதையைப் படமெடுக்கிறோம். காலம், ஊரை அழித்த 1964 டிசம்பர் புயலுக்கு முன்பு என்று வைத்துக்கொள்வோம். இன்று அங்கே இருப்பது இடிந்த தேவாலயம், சங்கு மாலைக் கடைகள், வேன்கள், 2017இல் திறந்த அரிச்சல்முனைச் சாலை. முழுச்சட்டகக் கேமராவில் (சென்சார் 35 மி.மீ. ஸ்டில் ஃபிலிம் சட்டகத்தின் அளவு) 24 மி.மீ. வில்லையைப் போட்டால் பார்வைக் கோணம் மூலைக்கு மூலை சுமார் 84 பாகை. கடை, வேன், கூரை போன சுவர் எல்லாம் உள்ளே வந்துவிடும். தள்ளிப் போய் நின்று 200 மி.மீ. போட்டால் 12 பாகைதான். ஒரு பெண்ணின் முகம், தோளுக்குப் பின்னால் சன்னல் வளைவு, அதற்கும் பின்னால் கலங்கலாகக் கடல். ஆறடிச் சுவருக்கு செட் போட்டால் போதும், காலம் மாறிவிடும்.

செலவு குறைகிறது என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. இரண்டும் வேறு வேறு படங்கள். நெருங்கிய சட்டகத்தில் தனுஷ்கோடி ஒருத்தியின் நினைவாகிவிடுகிறது. அகன்ற சட்டகத்தில் அது ரயில் நிலையமும் தபால் ஆபீசும் சுங்க அலுவலகமும் இருந்த ஊர். நான் இயக்குநராக இருந்தால், எவ்வளவு செட் போட வேண்டியிருந்தாலும் அகன்றதைத்தான் எடுப்பேன். அங்கே வாழ்ந்தவர்களுக்கு அது ஊர்.

வில்லையே படத்தின் காலத்தைத் தீர்மானித்ததற்கு 1975இல் வந்த 'பேரி லிண்டன்' என்ற ஆங்கிலப் படம் பெரிய சாட்சி. 18ஆம் நூற்றாண்டு அறைகளை மெழுகுவர்த்தி வெளிச்சத்திலேயே எடுக்க, நாசாவுக்காக ஸைஸ் நிறுவனம் செய்த எஃப் 0.7 வில்லையை, அதாவது மிகக் குறைந்த வெளிச்சத்திலும் படமெடுக்கும் அளவுக்குத் திறப்பு பெரிதான வில்லையைப் பயன்படுத்தினார் இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக். முகம் கொஞ்சம் முன்னே சாய்ந்தாலும் ஃபோகஸ் போய்விடும். அந்தக் காட்சிகளின் அசையாத நிதானத்தில் அதற்கும் பங்குண்டு.

இனி, அந்த 200 மி.மீ. போலத் தூரத்தைக் கிட்டே இழுக்கும் டெலி லென்ஸுக்கு வருகிறேன். 'தொலைவில்லை' என்று சேர்த்து எழுதிப் பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது. தொலை வில்லை, தொலைவு இல்லை. கரையில் நிற்கும் முகத்தையும் தூரத்துப் படகையும் ஒட்டவைத்துக் காட்டுகிற கருவிக்கு இதைவிட நல்ல பெயர் ஏது? அந்த 24 மி.மீ. போன்ற வைட் லென்ஸ், 'அகலவில்லை'. புயலுக்குப் பிறகும் அந்தக் கரையில் குடிசை போட்டு வாழும் மீனவர்களை நினைக்காமல் இந்தச் சொல்லை என்னால் படிக்க முடிவதில்லை.

ஒரு சிக்கல் உண்டு. வில்லும் அம்பும் புழங்கும் சரித்திரப் படத் தளத்தில் 'வில்லை மாற்று' என்றால் உதவியாளர் எதை மாற்றுவார்? அங்கே 'கண்ணாடி வில்லை' என்று முழுதாகச் சொல்லலாம். ஷாட் பட்டியலில் இடைவெளி விட்டு எழுதலாம்: தொலை வில்லை, அகல வில்லை.