ஃபேக்‌ஷன் என்றால் கட்சியா?

'மேடிசன் கட்சிகளைத் திட்டி எழுதினார், அப்புறம் தாமே கட்சி கட்டினார்' என்று அமெரிக்க வரலாறு பற்றிய தமிழ்க் கட்டுரைகளில் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். அவரை இரட்டை நாக்குக்காரர் ஆக்கியது, அவர் எழுதிய 'ஃபேக்‌ஷன்' (faction) என்ற சொல்லைக் 'கட்சி' என்று ஆக்கிய தப்பான மொழிபெயர்ப்புதான்.

புதிய அரசமைப்பை ஆதரித்து நியூயார்க் இதழ்களில் வந்த கட்டுரைத் தொடரில் பத்தாவதை, 1787 நவம்பரில், பின்னாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான ஜேம்ஸ் மேடிசன் எழுதினார். அதில் அவர் அஞ்சுவது 'ஃபேக்‌ஷன்' பற்றி. 'செய்தல்' எனப் பொருள்படும் லத்தீன் வினையில் பிறந்த சொல் இது. 'பார்ட்டி' பிரித்தலிலிருந்து வந்தது. வேர்க்கதை இவ்வளவு போதும், ஏனென்றால் மேடிசனே வரையறை தந்துவிடுகிறார்: ஏதோ ஓர் ஆவேசத்தாலோ நலனாலோ ஒன்றுசேர்ந்து, பிற குடிமக்களின் உரிமைக்கோ பொதுநலனுக்கோ எதிராக இயங்கும் கூட்டம். பெரும்பான்மையாக இருந்தாலும் அது ஃபேக்‌ஷன்தான்.

இதைப் போய்க் கட்சி என்பதா? கட்சி என்றதும் நமக்குக் கொடி, சின்னம், உறுப்பினர் அட்டை நினைவுக்கு வரும். 1787-ல் அங்கே நாடு தழுவிய கட்சி ஒன்றுகூட இல்லை. மாநிலங்களின் விடுதலைப் போர்க்கடனை மைய அரசு ஏற்கவேண்டும் என்று 1790-ல் நிதியமைச்சர் ஹாமில்டன் சொன்னார், மறு ஆண்டு தேசிய வங்கிக்கும் வழிசெய்தார். மேடிசனும் ஜெஃபர்சனும் இவற்றை எதிர்த்து அணி திரட்டிய பிறகே ஹாமில்டன் பக்கம் ஃபெடரலிஸ்ட், மேடிசன் பக்கம் ரிபப்ளிகன் என்று கட்சிகள் உருப்பெற்றன. சரி, அக்காலத்தவரே இரு சொற்களையும் கலந்து எழுதியதுண்டு. ஆனால் ஆசிரியர் வரையறுத்துத் தந்த சொல்லைக் குழப்ப மொழிபெயர்ப்பாளருக்கு என்ன உரிமை?

ஃபேக்‌ஷனை 'உட்பிரிவு' என்பவர்களும் இருக்கிறார்கள். பட்டாவில் சர்வே எண்ணை அடுத்து வரும் சொல் அது. அதில் பகையும் இல்லை, கேடும் இல்லை. வெறும் 'குழு' என்றாலும் இன்று விசாரணைக் குழு, நிதிக் குழுதான் தோன்றும்.

வள்ளுவர் சொல் கையிலேயே இருக்கிறது. 'பல்குழுவும் பாழ்செய்யும் உட்பகையும்' (735) என்று, நாட்டில் இருக்கக்கூடாதவற்றில் முதலாவதாகப் பல்குழுவை வைக்கிறார். மேடிசன் பேசும் நோய்க்கு இதைவிடப் பொருந்தும் பெயர் இல்லை. ஒருமையில் சொல்லவேண்டிய இடத்தில் 'கோஷ்டி' எனலாம். வடசொல் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். எனக்கும் தமிழ்ச்சொல்தான் விருப்பம், ஆனால் பொருளைத் திரிக்கும் தமிழ்ச்சொல்லைவிடக் கோஷ்டி மேல்.

முதல் குடியரசுத் தலைவர் வாஷிங்டன் 1796-ல் பதவியிலிருந்து விடைபெறும்போது எச்சரித்த 'ஸ்பிரிட் ஆஃப் பார்ட்டி'க்கும் இதே கதி. அங்கே பார்ட்டி கட்சிதான், ஆனால் 'கட்சி உணர்வு' என்று எழுதிவிடுகிறார்கள். கட்சி உணர்வு உள்ளவர் என்றால் தமிழில் அது பாராட்டு. அவர் எச்சரித்தது கட்சிவெறியை.