தெருவில் காய்ச்சல் பரவினால் யாரிடம் போவது, என்ன கேட்பது

ஒரே தெருவில் நாலு வீட்டில் காய்ச்சல். நாலு பேரும் பக்கத்து கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்கள். ஐந்தாவது வீட்டுக் குழந்தையைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகுதான் நகராட்சி ஆட்கள் மருந்தோடு வருகிறார்கள். இத்தனை நாள் எங்கே போனீர்கள் என்று கேட்டால், "எங்களுக்கு ரிப்போர்ட்டே வரலையே" என்பார்கள். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் பல நேரம் அது உண்மை. உங்கள் பெயரும் சரியான முகவரியும் அரசுப் பட்டியலில் ஏறாதவரை உங்கள் தெருவில் காய்ச்சலே இல்லை என்றுதான் கணக்கு.

சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது. 1939-ஆம் ஆண்டின் பொது சுகாதாரச் சட்டம் தமிழ்நாட்டில் இன்றும் நடைமுறையில் உள்ளது. அறிவிக்கப்பட்ட தொற்றுநோயைக் கண்டால் தனியார் மருத்துவரும் சுகாதாரத் துறைக்குத் தகவல் தர வேண்டும். டெங்கு அந்தப் பட்டியலில் இருக்கிறது. கொசு உற்பத்தியாகும் இடத்தைச் சரிசெய்யச் சொல்லி உரிமையாளருக்கு நோட்டீஸ் கொடுக்கவும் அதிகாரம் உண்டு. சட்டம் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும். அலுவலகத்தில் நிற்கும்போது சிக்கல் வேறு இடங்களில்தான் வருகிறது.

முதல் சிக்கல் பரிசோதனை. தனியார் லேபில் கார்டு டெஸ்ட் எடுத்து "டெங்கு பாசிட்டிவ்" என்று தாள் கொடுப்பார்கள். அதை அரசு உறுதியான டெங்குவாகக் கணக்கில் எடுக்காது, சந்தேகம் என்றுதான் வைக்கும். எலைசா என்ற ஆய்வக ரத்தப் பரிசோதனையில் வந்த முடிவைத்தான் ஏற்பார்கள். அதிலும் நாள் கணக்கு இருக்கிறது. காய்ச்சல் தொடங்கி முதல் ஐந்து நாளுக்குள் என்றால் வைரஸின் புரதத்தைத் தேடும் என்எஸ்1, அதற்கு மேல் உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளைத் தேடும் ஐஜிஎம். ஐந்து நாள் மாத்திரை போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் போய் என்எஸ்1 மட்டும் எடுத்தால் 'நெகட்டிவ்' வர வாய்ப்பு அதிகம். அந்த ஒரு தாளைக் காட்டியே உங்கள் தெருவில் டெங்கு இல்லை என்று முடித்துவிடுவார்கள். அதனால் தனியாரிடம் வைத்தியம் பார்த்தாலும், வீட்டில் ஒருவராவது முதல் சில நாளிலேயே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போய் ஓபி சீட்டு போட்டு ரத்தம் கொடுத்துவிடுங்கள். அங்கே காசு கிடையாது. காய்ச்சல் எந்தத் தேதியில் தொடங்கியது என்பதைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

இரண்டாவது சிக்கல் முகவரி. நான் பார்த்தவரை அதிகம் பேர் ஏமாறுவது இதில்தான். சீட்டு போடும்போது ஆதாரை வாங்கி அதிலுள்ள முகவரியை அப்படியே ஏற்றிவிடுவதுண்டு. நீங்கள் திருப்பூரில் வாடகைக்கு இருப்பீர்கள், ஆதாரில் தேனிப் பக்கம் ஒரு கிராமம் இருக்கும். கொசு மருந்து தேனிக்குப் போகும். திருப்பூர் தெருவில் ஒரு தொட்டியைக்கூட யாரும் திறந்து பார்க்கமாட்டார்கள். காய்ச்சலோடு அம்மா வீட்டுக்குப் போய் அங்கே ஆஸ்பத்திரியில் சேரும் பெண்களுக்கும் இதேதான் நடக்கிறது. 'கடந்த இரண்டு வாரமாக எங்கே தங்கியிருந்தேன்' என்பதை நீங்களாகச் சொல்லி, அந்த முகவரியை எழுத வையுங்கள். கதவு எண், தெரு, வார்டு, செல் நம்பர் நாலும் வேண்டும்.

அடுத்தது, எந்த அலுவலகம் என்ற பந்தாட்டம். கிராமத்தில் வீடு வீடாகத் தொட்டி பார்க்கும் டெங்கு மஸ்தூர்களுக்கு, அதாவது கொசு ஒழிப்புப் பணியாளர்களுக்கு, சம்பளம் ஊரக வளர்ச்சித் துறை வழியாக வருகிறது. வேலையைச் சொல்லிக் கொடுத்துக் கண்காணிப்பது சுகாதாரத் துறை. ஆக, சுகாதார ஆய்வாளர் "ஆள் அவங்ககிட்டதான் இருக்கு" என்பார். பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீஸில் "லிஸ்ட் அவங்க தரணும்" என்பார்கள். இதில் நடுவராக நாம் இருக்க வேண்டியதில்லை. ஒரே மனுவை இரண்டு இடத்திலும் கொடுத்து, ஒவ்வொன்றிலும் மற்றவருக்கும் நகல் கொடுத்திருப்பதாக எழுதிவிடுங்கள். நகரத்தை ஒட்டிய புது லேஅவுட்டுகளில் பாடு இன்னும் மோசம். மாநகராட்சிக்குப் போனால் ஊராட்சி என்பார்கள், ஊராட்சிக்குப் போனால் மாநகராட்சியோடு இணைத்தாயிற்று என்பார்கள். வாயால் வாதாடாமல் கடைசியாகக் கட்டிய வீட்டு வரி ரசீதைக் காட்டுங்கள். வரி வாங்கியவர்தான் வர வேண்டும்.

மனுவில் என்ன கேட்கிறோம் என்பதும் முக்கியம். எல்லோரும் புகை மருந்து அடிக்கச் சொல்லித்தான் எழுதுகிறார்கள். அதிகாரிகளுக்கு அதைவிட வசதியான மனு வேறில்லை. வண்டி வரும், புகை விடும், போட்டோ எடுக்கும், புகார் முடிந்தது. புகையில் பறக்கிற கொசுதான் சாகும். தண்ணீரில் இருக்கும் புழு ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிவிடும். நீங்கள் கேட்க வேண்டியது: நோயாளியின் வீட்டைச் சுற்றியுள்ள எல்லா வீட்டிலும் புழு சோதனை, தண்ணீரில் புழுவைக் கொல்லும் அபேட் மருந்து, பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கும் காலி மனைக்கும் நோட்டீஸ், தெருவில் காய்ச்சல் முகாம். முகாம் எத்தனை மணிக்கு என்பதையும் எழுதுங்கள். பதினொரு மணிக்கு வந்தால் வேலைக்குப் போகிறவர் யார் இருப்பார்? காலை ஏழு மணிக்கோ மாலையிலோ கேளுங்கள். மொட்டைமாடித் தொட்டிக்காக உங்களுக்கு அபராதம் போட வந்தால், பக்கத்து அரசுக் கட்டடத்தின் மாடியையும் பார்த்தீர்களா என்று தாராளமாகக் கேட்கலாம். அதற்கு முன் உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜின் பின்பக்கம் தண்ணீர் தேங்கும் தட்டைப் பார்த்துவிடுங்கள்.

வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் வழி வேறு. புகார் போனதும் தொட்டியில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டிவிட்டு, அப்புறம் தண்ணீர் மாதிரி எடுப்பார்கள். முடிவு சுத்தமாக வரும். "வெளியில ஏதோ சாப்பிட்டிருப்பாங்க" என்று பழி சாப்பாட்டின் மேல் போகும். பவுடர் போடுவதற்கு முன்பே மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். தொட்டியில் எடுத்தது மட்டும் போதாது, குழாய் வரிசையின் கடைசி வீட்டிலும் எடுக்க வேண்டும். சாக்கடையை ஒட்டிப் போகும் குழாயில் ஓட்டை இருந்தால் அங்கேதான் தெரியும். கடைசிக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் இருக்க வேண்டும் என்பது கணக்கு. வீட்டு வாட்டர் பாட்டிலில் பிடித்துக் கொண்டுபோனால் வாங்கமாட்டார்கள். கிருமி நீக்கிய பாட்டிலில் அவர்கள்தான் வந்து எடுக்க வேண்டும். எடுத்த தேதி, நேரம், இடத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வாய்ப் புகாருக்கு மதிப்பில்லை. சுகாதார உதவி எண் 104-க்கோ, சென்னையில் மாநகராட்சிப் புகார் எண் 1913-க்கோ, முதல்வரின் உதவி மைய எண் 1100-க்கோ பேசினால் புகார் எண்ணை வாங்காமல் போனை வைக்காதீர்கள். வேலை நடக்காமலே 'நடவடிக்கை எடுக்கப்பட்டது' என்று குறுஞ்செய்தி வந்தால், அந்த எண்ணையும் தொட்டியின் போட்டோவையும் சேர்த்துத் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனுவாகக் கொடுங்கள். நாலைந்து வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்ட மனுவைத் தனி மனுவைப்போல் எளிதாக ஒதுக்க முடியாது.

இதையெல்லாம் ஓடியாடக்கூடியவர் பார்க்கட்டும், நோயாளியின் பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும். டெங்குவில் காய்ச்சல் விடும் நேரம்தான் ஆபத்து, பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள். சூடு குறைந்துவிட்டதே என்று வேலைக்கு அனுப்பாதீர்கள். பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரையை நீங்களாகக் கொடுக்காதீர்கள். கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், எழுப்பினால்கூடச் சோர்ந்து விழுவது, இதில் ஒன்று வந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள்.