மாண் தீவுத் தேர்தல்: ஓராண்டு வசித்தால் வாக்கு, அதுவும் இரண்டு

ஐல் ஆஃப் மேன் என்று ஆங்கிலத்தில் சொல்லப்படும் மாண் தீவு, இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவே ஐரியக் கடலில் இருக்கிறது. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கே வசிப்பவர்கள் 84,069 பேர். பிரிட்டிஷ் மன்னரே இத்தீவுக்கும் தலைவர் என்றாலும் இது ஐக்கிய இராச்சியத்தின் பகுதி அல்ல. பாதுகாப்பையும் வெளியுறவையும் லண்டன் பார்த்துக்கொள்கிறது. வருமான வரி, பள்ளிக்கூடம், மருத்துவமனை, சாலை எல்லாம் தீவின் சொந்த அவையின் பொறுப்பு. 2024 ஏப்ரலில் உயர் விகித வருமான வரியை 20 விழுக்காட்டிலிருந்து 22 ஆக ஏற்றியதும், அடுத்த ஆண்டே 21 ஆகக் குறைத்ததும் அந்த அவைதான். லண்டன் நாடாளுமன்றத்துக்கு இத்தீவிலிருந்து ஓர் உறுப்பினரும் போவதில்லை. ஆகவே, அங்கே வசிப்பவரின் சம்பளத்தில் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதில் அவருக்கு இருக்கும் பிடி, ஐந்தாண்டுக்கு ஒருமுறை கிடைக்கும் இந்த வாக்குதான்.

அந்த வாக்கு யாருக்கு உண்டு, எப்படிப் பெறுவது, இரண்டு வாக்கையும் எப்படிப் பயன்படுத்துவது, எங்கே தவறிப்போகிறது என்பதை இங்கே பார்க்கலாம்.

எந்த அவைக்கு, எப்போது

நாடாளுமன்றத்தின் பெயர் டின்வால்ட். ஆயிரம் ஆண்டுத் தொடர்ச்சி உடையதென்று தீவு மக்கள் பெருமைப்படும் அமைப்பு இது. 1979-இல் ஆயிரமாவது ஆண்டு விழாவும் கொண்டாடினார்கள். அதில் இரண்டு அவைகள். மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பது கீஸ் அவை. உறுப்பினர்கள் 24 பேர். தீவின் பாரம்பரிய மொழியான மாங்ஸில் இதன் பெயர் ‘கியாரே அஸ் ஃபீட்’, அதாவது ‘நாலும் இருபதும்’. எண்ணிக்கையே பெயராகிவிட்டது. இன்னொன்று 11 பேர் கொண்ட சட்ட மேலவை. அதில் 8 பேரைக் கீஸ் உறுப்பினர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள், பொதுமக்கள் வாக்களிப்பதில்லை.

தேதியைச் சட்டமே குறித்துவிட்டது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை, செப்டம்பர் மாத நான்காம் வியாழக்கிழமை. 2016-இல் செப்டம்பர் 22, 2021-இல் செப்டம்பர் 23. அந்தக் கணக்கில் அடுத்தது 2026 செப்டம்பர் 24. வசதியான நேரம் பார்த்து ஆளுங்கட்சி தேர்தலை அறிவிக்கும் வழக்கம் இங்கே இல்லை. பழைய அவை ஆகஸ்டில் கலையும். 2021-இல் ஆகஸ்ட் 12 அன்று கலைந்தது. வாக்குப்பதிவுக்கு இருந்தது ஆறே வாரம். பெயர் சேர்க்கும் வேலையைக் கோடைக்காலத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்பதை இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

யாருக்கு வாக்கு

நிபந்தனைகள் மூன்று. வாக்குப்பதிவு நாளில் 16 வயது நிரம்பியிருக்க வேண்டும். தீவில் குறைந்தது 12 மாதம் வசித்திருக்க வேண்டும். வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும்.

இந்த மூன்று நிபந்தனைகளில் குடியுரிமை இல்லவே இல்லை என்பதைக் கவனியுங்கள். இந்தியக் கடவுச்சீட்டோ இலங்கைக் கடவுச்சீட்டோ வைத்துக்கொண்டு அங்கே மருத்துவமனையிலோ கணினி நிறுவனத்திலோ வேலை பார்ப்பவர் ஓராண்டு வசித்துவிட்டால், தலைமுறை தலைமுறையாக அங்கேயே வாழும் குடும்பத்தாருக்கு இருக்கும் அதே வாக்கு அவருக்கும் உண்டு. அவரைச் சார்ந்து விசாவில் வந்த கணவன், மனைவி, 16 வயதான பிள்ளை ஆகியோருக்கும் இதே விதிதான். வெளியூரிலிருந்து போனவர்கள் பலர் ‘நமக்கெல்லாம் எங்கே ஓட்டு’ என்று கேட்காமலே இருந்துவிடுகிறார்கள். வரி கட்டுகிறவர், அந்த வரியைத் தீர்மானிக்கும் ஆளைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைத் தெரியாமலே விடுவது பெரிய இழப்பு. ஆனால் ஒன்று: வாக்குரிமை வேறு, விசா வேறு. பட்டியலில் பெயர் இருப்பது நிரந்தரமாகத் தங்கும் உரிமையையோ வேலை அனுமதியையோ தராது.

வேட்பாளராக நிற்க 18 வயது ஆகியிருக்க வேண்டும். வாக்காளருக்கான ஓராண்டைவிட நீண்டகாலம் தீவில் வசித்திருக்கவும் வேண்டும்.

வாக்குரிமையை விரிவாக்குவதில் இத்தீவு பலமுறை முந்திக்கொண்டிருக்கிறது. 1866 வரை கீஸ் அவையில் ஓர் இடம் காலியானால் அதை நிரப்புவதில் பொதுமக்களுக்கு வாக்கே இல்லை. அவையைக் கடுமையாக விமர்சித்து எழுதிய பத்திரிகை ஆசிரியர் ஜேம்ஸ் பிரவுனை 1864-இல் அந்த அவையே சிறைக்கு அனுப்பியது. அந்தக் கொந்தளிப்புக்குப் பின் வந்த சீர்திருத்தத்தில் 1867-இல் முதல் பொதுத்தேர்தல் நடந்தது. 1881-இல் சொத்து வைத்திருந்த மணமாகாத பெண்களுக்கும் கைம்பெண்களுக்கும் வாக்கு கிடைத்தது. பிரிட்டனில் பெண்கள் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்க 1918 வரை காத்திருந்தார்கள் என்பதை வைத்துப் பார்த்தால் இதன் அருமை தெரியும். 16 வயது வாக்குரிமை 2006-இல் வந்தது. 2021-இல் 24 இடங்களில் 10 பெண்கள் வென்றார்கள். அதற்கு முந்தைய தேர்தலில் வென்றவர்கள் 5 பேர்.

பெயர் சேர்ப்பு: இங்கேதான் பலரும் கோட்டைவிடுகிறார்கள்

வரி கட்டுகிறோம், மருத்துவரிடம் பெயர் பதிந்திருக்கிறது, அதனால் வாக்காளர் பட்டியலிலும் பெயர் இருக்கும் என்று எண்ணிக்கொண்டு சும்மா இருக்கக் கூடாது. தேர்தல் பதிவுப் பிரிவுக்குப் படிவம் போய்ச் சேர்ந்ததா, பெயர் ஏறியதா என்று நீங்களே உறுதிசெய்துகொள்ள வேண்டும். இங்கிலாந்தில் இருந்தபோது பதிந்த பெயர் இங்கே செல்லாது. அது வேறு பட்டியல்.

அடுத்த சிக்கல் முகவரி. தீவில் 12 தொகுதிகள். தலைநகர் டக்ளஸில் மட்டும் வடக்கு, தெற்கு, கிழக்கு, மத்தி என்று நான்கு. வாடகைக்கு இருப்பவர் இரண்டு தெரு தள்ளி வீடு மாறினாலே தொகுதி மாறிவிடக்கூடும். பழைய முகவரியிலேயே பெயர் இருந்தால் அட்டையும் கடிதமும் பழைய வீட்டுக்குப் போகும். வாக்கும் பழைய தொகுதியில் இருக்கும். வீட்டு உரிமையாளரிடம் சாவி வாங்கிய வாரமே முகவரி மாற்றத்தையும் எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது.

ஒரே வீட்டில் நாலு பேர் பங்கிட்டுக் குடியிருந்தால், ‘வீட்டுக்கு ஒரு படிவம் வந்தது, யாரோ நிரப்பியிருப்பார்’ என்று ஒருவர்மேல் ஒருவர் போட்டுவிட்டு நால்வருமே விடுபடுவது உண்டு. பெயரின் எழுத்துக்கூட்டும் கவனிக்க வேண்டியது. நம்மவர்களுக்குத் தந்தை பெயர் முன்னால் வருமா பின்னால் வருமா என்ற குழப்பம் எங்கும் கூடவே வரும். கடவுச்சீட்டில் இருப்பதை அப்படியே எழுதுங்கள்.

வாக்குப்பதிவு நாளில் ஊரில் இருக்கமாட்டீர்கள் என்றால் அஞ்சல் வாக்குக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். அன்றைக்குப் போய்க் கேட்டால் கிடைக்காது. தீவுக்கு அஞ்சல் வருவது கப்பலிலும் விமானத்திலும். செப்டம்பர் கடைசியில் ஐரியக் கடலில் காற்று வலுத்தால் கப்பல் நிற்கும், கடிதமும் நிற்கும். கெடு முடியும் நாளைக் கணக்கு வைத்து அனுப்பாதீர்கள். வாக்குச்சீட்டு கைக்கு வந்த அன்றே நிரப்பி அனுப்பிவிடுங்கள்.

இரண்டு வாக்கின் கணக்கு

தொகுதிக்கு இரண்டு உறுப்பினர்கள். வாக்காளருக்கும் இரண்டு வாக்குகள். அதிக வாக்கு வாங்கிய முதல் இருவர் வெல்வார்கள். 2016-க்கு முன்பு இப்படி இல்லை. 15 தொகுதிகள் இருந்தன. ஆங்கன், ரஷன் தொகுதிகளில் வாக்காளருக்கு மூன்று வாக்கு, பீல் ஊரில் ஒன்றே ஒன்று. ஒரே தீவில் ஒருவருக்கு மூன்று, இன்னொருவருக்கு ஒன்று என்பது நியாயமில்லை என்றுதான் எல்லாருக்கும் இரண்டாக்கினார்கள். 1986, 1991 தேர்தல்களில் வரிசை எண் இட்டு விருப்பத்தைக் காட்டும் ஒற்றை மாற்று வாக்கு முறையையும் பயன்படுத்திப் பார்த்துக் கைவிட்டார்கள். இப்போது இருப்பது வெறும் பெருக்கல் குறிதான். 1, 2 என்று எண் போடும் முறை அல்ல.

இரண்டு வாக்கையும் போட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இதைத் தெரியாமல், கையில் இருக்கிறதே என்று இரண்டாவதைப் போடுகிறவர்கள் அதிகம். அதன் விளைவைக் கணக்காகப் பாருங்கள். அ, ஆ, இ என்று மூவர் நிற்கிறார்கள். உங்கள் வீட்டில் மூன்று பேர். மூவருக்கும் ‘அ’ கட்டாயம் வர வேண்டும். இரண்டாவது வாக்கை, முகம் தெரிந்தவர் என்பதற்காக மூவரும் ‘இ’-க்குப் போட்டுவிடுகிறீர்கள். முடிவு: ஆ 1,350, இ 1,201, அ 1,200. நீங்கள் விரும்பிய ‘அ’ ஒரு வாக்கில் தோற்றார். அந்த மூன்று இரண்டாம் வாக்குகளையும் போடாமல் விட்டிருந்தால் ‘இ’ 1,198-இல் நின்றிருப்பார், ‘அ’ வென்றிருப்பார். ‘அ’-வைத் தோற்கடித்தது உங்கள் வீட்டு வாக்குகளே.

இருவரும் சமமாகப் பிடித்தவர்களானால் இரண்டையும் தாராளமாகப் போடுங்கள். ஒருவர்தான் முக்கியம் என்றால் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இது சட்டப்படி சரியான வாக்கு. தொகுதிக்குச் சராசரி 7,000 பேர்தான் குடியிருக்கிறார்கள். அதிலும் 2021-இல் பதிந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேரே வாக்களித்தார்கள். இந்த அளவில் ஒரு தெருவின் வாக்குகளே முடிவை மாற்றும்.

தேர்தல் முடிவுகளைப் படிக்கும்போதும் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 100 பேர் வாக்களித்தால் 200 குறிகள் வரை விழலாம். ஒரு வேட்பாளருக்கு 30 விழுக்காடு என்று செய்தியில் வந்தால், அது மொத்தக் குறிகளில் 30-ஆ, வாக்களித்த ஆட்களில் 30-ஆ என்று பாருங்கள். முதலாவது என்றால், வாக்களித்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர்கூட அவரை ஆதரித்திருக்கலாம்.

சீட்டில் செய்யக்கூடாதவை சில. மூன்று பேருக்குக் குறியிட்டால் சீட்டு முழுக்கச் செல்லாது. ஒருவருக்கே இரண்டு குறி போட்டாலும் ஒன்றாகத்தான் எண்ணப்படும். கையெழுத்தோ பெயரோ எழுதினால், யார் போட்டது என்று அடையாளம் தெரிந்துவிடும் என்பதால் ஒதுக்கிவிடுவார்கள். தவறாகக் குறித்துவிட்டால் அடித்துத் திருத்தாமல், பெட்டியில் போடுவதற்கு முன் அலுவலரிடம் காட்டி வேறு சீட்டு கேளுங்கள். வாக்குச்சாவடி காலை 8 முதல் இரவு 8 வரை திறந்திருக்கும்.

கட்சி இல்லாத ஊரில் யாரை எப்படி எடைபோடுவது

சின்னத்தைப் பார்த்து வாக்களிக்கும் பழக்கம் இங்கே உதவாது. சிறு கட்சிகள் உண்டு என்றாலும் வெல்பவர்களில் மிகப் பெரும்பாலோர் சுயேச்சைகள். ஆகவே ஒவ்வொருவரையும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும். அதற்கு இரண்டு வாய்ப்புகள் வீடு தேடி வருகின்றன. வேட்பாளர்கள் அறிக்கையை அஞ்சல் துவாரத்தில் போட்டுவிட்டு, கதவையும் தட்டுவார்கள். தொகுதியை வீடு வீடாக நடந்தே முடிக்கிற அளவுக்குச் சிறிய ஊர்.

இன்னொன்று, இத்தீவுக்கே உரிய கோரிக்கைக் கூட்டம். வாக்காளர்கள் சிலர் கையெழுத்திட்டு, ‘கேப்டன் ஆஃப் தி பாரிஷ்’ என்ற பழம்பதவி வகிப்பவரிடம் கோருவார்கள். அவர் கூட்டம் கூட்டுவார். ஊர்ப் பொதுமண்டபத்தில் வேட்பாளர்கள் வரிசையாக உட்கார்ந்து ஒவ்வொருவராகப் பேசிவிட்டு, யார் எழுந்து கேட்டாலும் பதில் சொல்ல வேண்டும். அறிக்கையில் வழுவழுவென்று எழுதியவர், இரண்டாம் கேள்விக்கே தடுமாறுவதை அங்கே நேரில் காணலாம்.

அங்கே தவறாமல் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: முதலமைச்சராக யாரை ஆதரிப்பீர்கள்? முதலமைச்சரை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை. தேர்தலுக்குப் பின் கீஸ் உறுப்பினர்கள் 24 பேரும் கூடித் தங்களுக்குள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2021 அக்டோபரில் ஆல்ஃபிரட் கேனன் 21 வாக்கு பெற்று அந்தப் பதவிக்கு வந்தார். கட்சி இல்லாததால், உங்கள் உறுப்பினரின் அந்த ஒரு வாக்கு எங்கே போகும் என்பதை நீங்கள் முன்கூட்டியே கேட்டால்தான் தெரியும். அடுத்த கேள்வி: அமைச்சர் பதவி கொடுத்தால் ஏற்பீர்களா? அமைச்சரானவர் அமைச்சரவை முடிவோடு ஒத்துப்போக வேண்டியிருக்கும். மேடையில் எதிர்த்துப் பேசிய திட்டத்துக்கு அவர் பிறகு கை தூக்க நேர்ந்தால் அதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இடைப்பட்ட ஐந்தாண்டில்

ஜூலை 5 டின்வால்ட் நாள். செயின்ட் ஜான்ஸ் ஊரில் நான்கு அடுக்காக உயர்ந்த புல்மேட்டில் அவை திறந்த வெளியில் கூடும். அந்த ஆண்டின் சட்டங்கள் மாங்ஸிலும் ஆங்கிலத்திலும் படிக்கப்படும். நிறைவேறிய சட்டம் 18 மாதத்துக்குள் அந்த மேட்டில் அறிவிக்கப்படாவிட்டால் செல்லாமல் போகும். அதே நாளில், குறை உள்ள எவரும் மேட்டின் அடிவாரத்துக்கு வந்து மனுவைக் கையில் கொடுக்கலாம். அவையின் விதிகளுக்கு உட்பட்ட மனுவானால், உறுப்பினர் எவரும் அதைக் கையில் எடுத்து அவையின் முன் கொண்டுபோக முடியும். மனு எழுதும் முன் அதன் வடிவ விதிகளை டின்வால்ட் எழுத்தர் அலுவலகத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். விதிக்குப் பொருந்தாத மனு அதற்குமேல் நகராது.