செயற்கைக்கோள் தொலைபேசியும் மலையிடுக்கில் தெரியும் வானமும்

கைப்பேசிக் கோபுரம் எட்டாத இடங்களுக்குப் பயணம் போகிறவர்கள் செயற்கைக்கோள் தொலைபேசியைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்ப்பது, உலகப் படத்தில் நிறம் பூசிக் காட்டப்படும் சேவைப் பரப்பைத்தான். அந்தப் படம், நான்கு திசையிலும் தடையில்லாத வானத்தின் கீழ் நிற்பவரை மனத்தில் வைத்து வரையப்பட்டது. லடாக்கின் மலையிடுக்கு ஒன்றில் நிற்பவருக்கோ வானம் நீண்ட கீற்றாக மட்டுமே தெரியும். அந்தக் கீற்றுக்குள் செயற்கைக்கோள் வந்தால்தான் பேச முடியும்.

இன்மார்சாட், துராயா ஆகிய செயற்கைக்கோள் தொலைபேசி நிறுவனங்களின் செயற்கைக்கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கி.மீ. உயரத்தில், பூமி சுழலும் வேகத்துக்கு ஈடாகச் சுற்றுகின்றன. அதனால் தரையிலிருந்து பார்க்கும்போது அவை ஏறத்தாழ ஒரே திசையில் நிலைத்திருக்கும்; திசையைக் கண்டுபிடித்து ஆன்டெனாவைத் திருப்பிவிட்டால் இணைப்பு அறுவதில்லை. ஆனால் நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலக அவை தொடுவானத்தை நோக்கிச் சரிகின்றன. லே நகரிலிருந்து தெற்கு வானில் ஏறக்குறைய 50 டிகிரி உயரத்தில் இருப்பது, நார்வேயின் துரோம்சோவில் 12 டிகிரிக்கு மேல் ஏறாது. துருவங்களில் அறவே தெரியாது. ஆகவே இமயமலையில் தெற்கே செங்குத்தான பாறைச் சுவர் நின்றால் தொலைபேசி ஊமையாகிவிடும். சுவரை விட்டுச் சற்று வடக்கே தள்ளி நின்றால் அதே தொலைபேசிக்கு உயிர் வந்துவிடலாம். இவ்வளவு தொலைவு போய் வருவதால் நம் குரல் எதிர்முனையை அடையக் கால் நொடி ஆகும். பழகாதவர்கள் ஒருவர் பேச்சின் மேல் ஒருவர் பேசித் தடுமாறுவது இதனால்தான்.

இரிடியம் என்ற நிறுவனத்தின் வழி வேறு. அதன் 66 செயற்கைக்கோள்கள், பாதைக்கு 11 வீதம் 6 பாதைகளில், சுமார் 780 கி.மீ. உயரத்திலேயே துருவங்களை ஒட்டிச் சுற்றுகின்றன. (முதலில் 77 என்று திட்டமிட்டதால் அந்த அணு எண்ணுள்ள தனிமத்தின் பெயரை வைத்தார்கள். 66-ஆம் தனிமத்தின் பெயர் டிஸ்ப்ரோசியம். மாற்றாமல் விட்டது நல்லதாயிற்று.) ஒவ்வொன்றும் அண்டையில் பறப்பவற்றுடன் வானிலேயே பேசி, அழைப்பைக் கைமாற்றிக் கைமாற்றித் தரைநிலையம் வரை கொண்டுபோகிறது. அண்டார்க்டிகாவிலிருந்தும் நடுக்கடலிலிருந்தும் பேச முடிவது இந்த ஏற்பாட்டால்தான். இந்த வசதி இல்லாத குளோபல்ஸ்டார் என்ற மற்றொரு சேவையில், செயற்கைக்கோள் பயணியையும் ஒரு தரைநிலையத்தையும் ஒரே நேரத்தில் பார்த்தாக வேண்டும்.

ஆனால் தாழப் பறப்பது வேகமாகப் பறக்கும். 100 நிமிடத்தில் பூமியைச் சுற்றிவிடும் இரிடியம் செயற்கைக்கோள், திறந்த வெளியில் நிற்பவருக்கே 10 நிமிடம்போலத்தான் தென்படும். அதற்குள் அடுத்தது அழைப்பை ஏற்றுக்கொள்ளும். கிழக்கு மேற்காக நீளும் குறுகிய பள்ளத்தாக்கிலோ, வடக்கு தெற்காகப் போகும் செயற்கைக்கோள் கீற்றைக் குறுக்கே கடந்து சீக்கிரமே மறைந்துவிடும். பேச்சு பாதியில் அறும். அதே பாதையில் அடுத்தது வர ஏறக்குறைய 9 நிமிடம் ஆகும். அதுவரை தொலைபேசியைத் தட்டிப் பார்ப்பதில் பயனில்லை. ஆன்டெனாவை முழுதாக நீட்டி, வானம் பார்க்க நிமிர்த்திப் பிடித்துக் காத்திருக்க வேண்டும். இருக்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் குறுஞ்செய்தியாக முன்கூட்டியே தட்டச்சு செய்து வைத்திருப்பது என் பார்வையில் பேச முயல்வதைவிடப் புத்திசாலித்தனம். கிடைக்கும் சில நொடிகளில் அது போய்விடும்.

இந்தத் தொலைபேசிகள் பயன்படுத்தும் சுமார் 1.6 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலைகளை மேகமும் மழையும் பெரிதாகத் தடுப்பதில்லை. கூடாரத் துணியும் தடையில்லை. அடர்ந்த காட்டின் ஈர இலைகள், ஜீப்பின் தகரக் கூரை, பேசுபவரின் தலை ஆகியவைதான் தடுக்கும்.

இந்தியாவுக்கு வருபவர்களுக்கு இன்னொரு தடை சட்டத்தில் இருக்கிறது. தொலைத்தொடர்புத் துறையின் அனுமதியின்றிச் செயற்கைக்கோள் தொலைபேசியைக் கொண்டுவருவதும் பயன்படுத்துவதும் குற்றம். வெளிநாட்டுப் பயணிகள் பலர் விமான நிலையங்களிலேயே கைதாகியிருக்கிறார்கள். தங்கள் நாட்டில் கடையில் வாங்கிய சாதாரணப் பொருள் என்று அவர்கள் சொல்வது உண்மைதான். ஆனாலும் புறப்படுமுன் அனுமதி வாங்கியிருக்க வேண்டும்.