கறி இல்லை, சரி, உப்பு எவ்வளவு?

புரட்டாசி வந்தால் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் நம்ம ஆட்கள் வீட்டு ஃப்ரீசரில் கோழி இருந்த இடத்தில் சைவ சாசேஜும் வீகன் நகெட்டும் வந்து உட்கார்ந்துகொள்ளும். மாமிசம் இல்லை, அதனால் உடம்புக்கு நல்லது என்று ஒரு நம்பிக்கை. இங்கே சாட்ஸ்வர்த் பகுதியில் உணவியல் ஆலோசகராக இருக்கும் என்னிடம், "நான்தான் கறியே தொடலையேம்மா, பிரஷர் எப்படி ஏறும்?" என்று ஒரு ஆன்ட்டி சண்டைக்கே வந்துவிட்டார்.

ஏறும். சோயா, பட்டாணிப் புரதத்துக்குத் தனக்கென்று பெரிய ருசி கிடையாது, ஒருவித பச்சை வாசனை வேறு அடிக்கும், அதை அமுக்கிக் கறி ருசி கொண்டுவரத்தான் பல தயாரிப்புகளில் உப்பைத் தாராளமாகச் சேர்க்கிறார்கள்.

தென்னாப்பிரிக்க அரசாங்கம் என்ன செய்தது? 2022 ஜூனில் வேளாண் துறை 'வீகன் நகெட்', 'மஷ்ரூம் பில்டாங்' (பில்டாங் என்றால் இந்த ஊர் உப்புக்கண்டம்) போன்ற பெயர்களில் விற்கக் கூடாது, விற்றால் பறிமுதல் என்றது. டர்பனில் பிறந்த சைவ உணவு நிறுவனமான ஃப்ரைஸின் உரிமையாளர்கள் ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் போய் இடைக்காலத் தடை வாங்கினார்கள். துறை காட்டிய 2019 விதிகள் பதப்படுத்திய இறைச்சிக்கானவை. இறைச்சி போலச் செய்த சைவ உணவுக்குப் பொருந்தாது என்று அந்த விதிகளிலேயே இருக்கிறது! நகெட் என்ற பெயரைப் பார்த்து ஏமாந்தேன் என்று என்னிடம் இதுவரை ஒருவரும் வந்ததில்லை.

உப்பு விஷயம் அப்படியில்லை. 2013-இல் போட்டு 2016-இல் அமலுக்கு வந்த சோடியம் விதிகள் ரொட்டி, சிப்ஸ், பதப்படுத்திய இறைச்சிக்கெல்லாம் உச்சவரம்பு வைத்தன. அந்தப் பட்டியலில் சைவ சாசேஜுக்கென்று தனி வகை இல்லை. துறை மல்லுக்கட்ட வேண்டிய இடம் இதுதான் என்பேன்.

அதுவரை பொட்டலத்தை நீங்களே திருப்பிப் பாருங்கள். சோடியத்தை 2.5-ஆல் பெருக்கினால் உப்பு: 100 கிராமில் 600 மில்லிகிராம் சோடியம் என்றால் ஒன்றரை கிராம் உப்பு. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு ஒரு நாள் முழுக்கவே 5 கிராமுக்குள் என்கிறது. அப்புறம், விரதக்காரர்கள் பொட்டலத்தில் முட்டை சேர்த்திருக்கிறதா என்றும் பாருங்கள். பூஞ்சைப் புரதத்தில் செய்யும் சில வகைகளில் வெள்ளைக்கரு சேர்ப்பார்கள்.

மலிவாக வேண்டுமா? மசாலா கலக்காத காய்ந்த சோயா உருண்டையை வாங்கி, வெந்நீரில் ஊறவைத்து, நன்றாகப் பிழிந்து, வீட்டு மசாலாவில் பிரட்டுங்கள், உப்பு உங்கள் கையில். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மட்டும் எவ்வளவு புரதம் சாப்பிடலாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.