கப்பலின் பெயரை நம்பாதீர்கள், எண்ணைக் கேளுங்கள்

ஹட்டனில் வழக்குப் பேசும் என்னிடம் காணித் தகராறும் சேமலாப நிதிப் பிரச்சினையும்தான் அதிகம் வரும். இப்போது உல்லாசக் கப்பல் வேலைக்கான ஒப்பந்தங்களும் வருகின்றன. மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத்துப் பிள்ளைகள்; நுவரெலியா ஹோட்டல்களில் வேலை பழகியவர்கள். அவர்கள் விரல் வைப்பது சம்பளத் தொகையில். நான் தேடுவது, வேலை கொடுப்பவர் என்று எழுதிய இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்பதை.

கப்பலுக்குச் சொந்தக்காரர் ஒருவர், வாடகைக்கு எடுத்து ஓட்டுபவர் இன்னொருவர், ஆள் சேர்ப்பவர் மூன்றாமவர் என்பது அங்கே சர்வ சாதாரணம். விளம்பரத்தில் மின்னுவது ஓட்டுபவரின் பெயர்.

அஸ்டோரியா என்ற உல்லாசக் கப்பலின் கதையைக் கேளுங்கள். 1948இல் ‘ஸ்டாக்ஹோம்’ என்ற சுவீடன் கப்பலாக ஓடத் தொடங்கியது. 1956இல் இத்தாலியின் அந்திரியா டோரியா என்ற பயணிகள் கப்பலில் மோதி அதை மூழ்கடித்ததும் இதுவே. 1960இல் கிழக்கு ஜெர்மனிக்குக் கைமாறி, தொழிற்சங்கத்தினரை விடுமுறைக்கு ஏற்றிச் சென்றது. பின்னர் ஒஸ்லோவில் அகதிகள் தங்கும் விடுதி. அதன்பின் இத்தாலியில் மேல்தளங்களைப் புதிதாகக் கட்டி இத்தாலியா ப்ரீமா, அதீனா, அசோர்ஸ் என்று பெயர் மாறிக்கொண்டே போய், கடைசியில் அஸ்டோரியா ஆனது. 2020இல் கொரோனா வந்தபோது அதை ஓட்டியது வாடகைக்கு எடுத்த ஒரு பிரித்தானியக் கம்பனி. ஜூன் மாதத்தில் இங்கிலாந்தின் டில்பரித் துறைமுகத்தில் அதிகாரிகள் கப்பலைத் தடுத்து வைத்தார்கள். ஊழியர்களின் ஒப்பந்தமும் சம்பளமும்தான் பிரச்சினை. ஜூலையில் அந்தக் கம்பனியே விழுந்துவிட்டது. 2025இல் கப்பல் பெல்ஜியத்துக்கு உடைக்கப் போனது.

தேயிலைத் தோட்டம் கைமாறுவது நமக்குப் புதிதல்ல. 1975இல் அரசு எடுத்தது, 1992இல் கம்பனிகளிடம் கொடுத்தது. ஆனாலும் மலை இருந்த இடத்திலேயே இருந்தது. தொழில் திணைக்களத்தின் படியேறிக் கேட்க முடிந்தது. கப்பலோ விடிவதற்குள் வேறொரு நாட்டுக் கடலில் நிற்கும்.

அதனால்தான் ஐ.எம்.ஓ. எண்ணை, அதாவது சர்வதேச கடல்சார் அமைப்பின் கப்பல் அடையாள எண்ணை, குறித்துக்கொள்ளச் சொல்கிறேன். ஏழு இலக்கம், பெயரும் கொடியும் முதலாளியும் மாறினாலும் அது மாறாது. அஸ்டோரியாவுக்கு 5383304. பல நாடுகளின் கடற்சட்டத்தில் மாலுமியின் சம்பளப் பாக்கி கப்பலின் மீதே நிற்கும். சாதாரண விற்பனையில் புதிய சொந்தக்காரரையும் தொடரும். நீதிமன்றம் ஏலத்தில் விற்றால் மட்டும் கோரிக்கை ஏலப் பணத்தின் மீது போய்விடும், அதுவும் காலக்கெடுவுக்குள் கேட்டால்தான்.

கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையில் 2017 முதல் இன்னொரு பாதுகாப்பும் இருக்கிறது. முதலாளி கைவிட்டுவிட்டால், நான்கு மாதச் சம்பளம் வரைக்கும் ஊர் திரும்பும் செலவுக்கும் காப்புறுதி உண்டு. சம்பளம் இரண்டு மாதம் நின்றாலே கைவிட்டதாகக் கொள்ளலாம். அந்தச் சான்றிதழைக் கப்பலில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டியிருக்க வேண்டும். ஏறிய அன்றே போனில் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

முகவருக்குக் கொடுக்க அம்மாவின் தோட்டை அடகு வைக்கவும் வேண்டாம். கடவுச்சீட்டு, மாலுமிப் புத்தகம், மருத்துவச் சான்றிதழ் ஆகியவற்றின் செலவுதான் உங்களுடையது. வேலை பிடித்துத் தருவதற்கு அவர் உங்களிடம் காசு கேட்கக் கூடாது. கேட்டால், உரிமம் இருக்கிறதா என்பதைக் கொழும்பிலுள்ள வணிகக் கப்பல் செயலகத்தில் விசாரித்த பிறகு கையெழுத்தைப் பற்றி யோசியுங்கள்.